விளையாட்டு மன்றத்தின் திடலைத் தன்னார்வலர்களை மட்டும் வைத்துப் பராமரிக்க முடியுமா? ஆண்டுக்கு ஒரு கோத்தோங் ரோயோங் (ஊரார் கூடிச் செய்யும் பொதுப்பணி) போதுமா?

முதல் கேள்விக்கு, முடியும். இரண்டாவதற்கு, போதவே போதாது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரம். பழைய தோட்டத்துத் திடல் ஒன்றை எங்கள் மன்றத்தார் பன்னிரண்டு பேர் ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறோம். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் போய்விட்டன, பால்மரம் (ரப்பர்) இருந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. கோயிலும் இந்தத் திடலும்தான் மிச்சம். அதனால் இதை விட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரே நாளில் நூறு பேர் கூடினால் புதரை அழிக்கலாம், கோல் கம்பத்துக்குச் சாயம் பூசலாம். திடலைக் கெடுப்பதோ தண்ணீர். அது வாராவாரம் வரும். சாயங்காலம் மழை கொட்டினால் மறுநாள் காலை யாராவது ஒருவர் மண்வெட்டியோடு கால்வாயைச் சுற்றி வர வேண்டும். ஒரு செம்பனை மட்டையும் இரண்டு போத்தலும் அடைத்துக்கொண்டால் போதும், பாதித் திடல் குளமாகிவிடும். நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த ஒருவரைத்தான். நூறு பேரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கோல் முன்னால் புல் தேய்ந்து பள்ளமாகும். தொடக்கத்தில் சாலையோரச் செம்மண்ணைக் கொட்டி நிரப்பினோம். பெரிய தவறு. தண்ணீர் இறங்க வழியில்லாமல் சேறாகி, ஒரு பையன் வழுக்கிக் கணுக்கால் பிசகி மூன்று வாரம் நடக்க முடியாமல் கிடந்தான். இப்போது முள்கரண்டி போன்ற இரும்புக் கருவியை ஒரு சாண் ஆழம் இறக்கி, மெல்ல ஆட்டி எடுக்கிறோம். ஈர மண்ணில் அந்தத் துளைகளிலிருந்து சிறு குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். பிறகு ஆற்று மணலைத் தூவித் துளைகளுக்குள் கூட்டித் தள்ளிவிடுகிறோம்.

புல் வெட்டுவதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய (பட்டையைச் சீவிப் பாலெடுத்த) பெரியவர் ஒருவர். தரையோடு மழித்துக்கொண்டிருந்த பையனை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, மரம் வெட்டும்போது பட்டையோடு நிறுத்த வேண்டும். கத்தி கட்டையில் பட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. புல்லையும் அப்படி அடிவரை வெட்டாதே." அவர் சொன்னது அப்படியே சரி. எங்கள் திடலில் இருப்பது அகன்ற இலை உள்ள மாட்டுப்புல். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அது வாடி, வெற்றிடத்தில் தொட்டாற்சுருங்கி ஏறிவிடும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டுகிறோம்.

கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். ஈரத்தில் தோலை அரிக்கும். விழுந்து எழும் பிள்ளைகளின் முழங்காலை நினைத்து நாங்கள் தண்ணீரில் கரையும் வெள்ளைச் சாயத்துக்கு மாறினோம்.

செலவுக்கு ஆளுக்கு மாதம் 10 ரிங்கிட். பெட்ரோல், நைலான் கயிறு, மணல், சாயம் எல்லாம் அதில்தான். இதே ஊரில் பிறந்த அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) திரட்டினார். எங்கள் பெரியவர்களுக்கு அது பழகிய கணக்கு, கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, மழை விட்டதும் பந்தோடு ஓடி வரும் பிள்ளைகளிடம் "இன்று வேண்டாம்" என்று சொல்வது. எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. ஊறிய மண்ணில் ஒரு மணி நேரம் ஆடினால் அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் பிடிக்கிறது. அதனால் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் அவர்களுக்குச் சிறிய கோல் இரண்டு வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

கோடு போடும்போது திடலின் மூலைகளைச் சரியாகப் பிடிக்கக் கயிற்றில் 3, 4, 5 மீட்டர் அளவில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் செங்கோணம் கிடைக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கம் வர முடிந்தால் வாருங்கள், கயிற்றின் ஒரு முனையை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.