பழைய டிரம் செட்டுக்கு ஹெட்டும் உதிரி பாகங்களும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாமா விட்டுப்போன 1960களின் டிரம் செட் வீட்டில் இருக்கிறது, ஹெட்டெல்லாம் (அடிக்கும் மேற்பரப்பு) கிழிந்துவிட்டன, ஹெட்டை இறுக்கும் திருகு ராடுகளில் சிலவற்றைக் காணோம், என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு டேப்பை எடுத்து ஷெல்லை, அதாவது டிரம்மின் உடலான உருளையை, அளந்துவிடுங்கள்.

நான் அளக்காமல் வாங்கிப் பணத்தை இழந்தவன். என் பெரியப்பா வேலூர்ப் பக்கம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் விடிய விடியக் கச்சேரி இருக்கும். அவர் வைத்திருந்தது இங்கிலாந்தின் பிரீமியர் செட். அவர் காலத்துக்குப் பிறகு காட்பாடி வீட்டுப் பரணில் பல வருஷம் கிடந்தது. சர்ச்சில் வாசிக்கலாம் என்று நான் அதை இறக்கியபோது, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமுக்கு 16 இன்ச் ஹெட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அது ஷெல்லில் உட்காரவே இல்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஹெட்டில் குறை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பிரீமியர் 1968 வாக்கில்தான் உலகப் பொது அளவுக்கு மாறியது. அதற்கு முந்தைய டாம்களில் சில பெயருக்கு 16 இன்ச் என்றாலும் ஷெல் கொஞ்சம் பெரிது. அதற்கென்று ‘ப்ரீ-இண்டர்நேஷனல்’ என்ற பெயரில் தனி ஹெட் வருகிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையமான ரிம்மை அளக்காதீர்கள். ரிம்மைக் கழற்றிவிட்டு, ஷெல்லின் வெளிவிட்டத்தை மூன்று நான்கு திசையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 16 இன்ச் என்பது 406 மில்லிமீட்டர். இன்றைய ஷெல் அதைவிடச் சுமார் 3 மில்லி குறைவாக இருக்கும், அந்த இடைவெளியில்தான் ஹெட் தாராளமாகச் சுழலும். திசைக்குத் திசை அளவு மாறினால் ஷெல் வட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஜப்பான் செட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அப்புறம் விளிம்பு. ஹெட் உட்காரும் அந்த விளிம்பு சமமாக இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து ஹெட் போட்டாலும் சுருதி நிற்காது. சமையல் மேடைக்குப் போடும் பாலீஷ் கிரானைட் பலகை ஒன்று போதும். ஷெல்லை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டு, அறை விளக்கை அணையுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய விளிம்புகள் பலவும் உருண்டையாக இருக்கும். அந்தக் காலத்து டிரம்களின் மெத்தென்ற ஒலிக்கு அந்த உருண்டையும் ஒரு காரணம். அதைக் கூராக்கிவிட்டால் திரும்ப வராது.

இனி ஹெட். 1950களின் நடுப்பகுதி வரை கன்றுத்தோல்தான். மழை வந்தால் தொய்யும், வெயிலில் விறைக்கும். நம் ஊரில் பறையை நெருப்பில் காய்ச்சி எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைலார் என்ற பாலியஸ்டர் படலம் வந்து, 1956-57இல் ஈவன்ஸ், ரெமோ கம்பெனிகள் அதில் ஹெட் விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. உங்கள் செட் 60களுடையது என்பதால், ஒற்றை அடுக்கு 10 மில், வெள்ளைப் பூச்சு உள்ளதுதான் பொருந்தும். ரெமோவில் கோட்டட் அம்பாசடர், ஈவன்ஸில் கோட்டட் ஜி1. ஒரு மில் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பலமாக அடிப்பவர் என்றால் 7 மில் இரண்டு அடுக்கு கொண்ட எம்பரர் அல்லது ஜி2 நாள்படும். ஆனால் பழைய மெல்லிய ஷெல்லின் குரலை அது கொஞ்சம் மூடிவிடும், எனக்கு மனசு வரவில்லை. தோல் மாதிரி ஒலி வேண்டுமானால் பைபர்ஸ்கின் இருக்கிறது. அடியில் கம்பிகள் கட்டிய ஸ்நேர் டிரம்முக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் 3 மில் ஸ்நேர்-சைடு ஹெட் போடுங்கள். மேலே போடும் ஹெட்டை அங்கே போட்டால் கம்பிகள் சரியாகப் பேசாது.

ராடு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அமெரிக்க வகை டிரம்களில் பெரும்பாலும் 12-24 த்ரெட் (மரை), அதாவது 12ஆம் நம்பர் ஸ்குரூ, இன்ச்சுக்கு 24 சுற்று. ஜெர்மனியின் சோனார் மில்லிமீட்டர் த்ரெட். ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைப்பது 5, 6 மில்லி போல்ட். 12-24 ராடின் தடிமன் இந்த இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 5.5 மில்லி. 5 மில்லி ஆடும். 6 மில்லியை முறுக்கி ஏற்றினால், ராடு இறங்குவதற்காக ஷெல்லில் பொருத்தியிருக்கும் லக்கின் உள் மரை போய்விடும். பழைய லக் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு, விரிசல் விட்டால் ஒட்டவைப்பது கஷ்டம். ஆகவே இருக்கிற நல்ல ராடு ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். புதியது கையாலேயே மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் இறங்க வேண்டும். நீளத்தையும் தலைக்குக் கீழிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டும்போது உள்ளே கிணுகிணுவென்று சத்தம் வந்தால், லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். லக்கைக் கழற்றி ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தால் அடங்கிவிடும். துரு ஏறிய குரோமியத்துக்கு உடனே புது முலாம் பூசாதீர்கள். எண்ணெய் விட்டு மெல்லிய துணியால் தேய்த்தாலே பாதிக்கு மேல் போய்விடும். ஸ்டாண்டு மாட்ட வேண்டும் என்று ஷெல்லில் புது ஓட்டை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஹெட், ராடு, ஸ்நேர் கம்பி எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், ஷெல் ஒன்றுதான் உங்கள் மாமாவுடையது.

காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் மர வளையத்தைப் பிடிக்கும் கொக்கிகள் மரத்தைத் தின்றிருந்தால், அடியில் தோல் துண்டு வையுங்கள். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பரிடம் 2 மில்லி கழிவுத் துண்டுகள் வாங்கி வெட்டிக்கொண்டேன். இரண்டு வருஷமாக ஒரு கொக்கிகூட நழுவவில்லை.