பாலம் கட்டும் முன் தண்ணீருக்கு அடியில் தொல்லியல் ஆய்வு எதற்கு?

பாலத் தூண்கள் இறங்கப்போகும் ஆற்றடியிலோ கடலடியிலோ மூழ்கிய கப்பல், பழைய படித்துறை என்று ஏதாவது புதைந்திருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே தேடிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. சுவரில் துளை போடும் முன் உள்ளே வயர் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அதே மாதிரி.

சேறு ஒரு அருமையான காப்பறை. அதற்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் உயிர்கள் அங்கே பிழைப்பது கடினம். 1545-இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982-இல் வெளியே தூக்கினார்கள். சேற்றில் புதைந்திருந்த பக்கம் பெருமளவு மிஞ்சியிருந்தது. வெளியே தெரிந்த பக்கம் அழிந்தே போயிருந்தது. இப்படி நூற்றாண்டுகள் தாங்கிய ஒன்றை, தூணுக்கான ஒரு குழி நொறுக்கிவிடும். குழி மட்டுமல்ல, கட்டிய பிறகு தூணைச் சுற்றிச் சுழலும் நீரோட்டமும் அடிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் தூண் நிற்கும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றுப்புறத்தையும் பார்ப்பதே சரி.

முதலில் பழைய வரைபடங்களைப் புரட்டுவார்கள். அப்புறம் ஒரு படகு, வயலை உழுவதுபோல் வரிவரியாகப் போய்வரும். சோனார் ஒலியலைகளால் அடித்தளத்தைப் படம் பிடிக்கும். காந்தமானி புதைந்த நங்கூரம், பீரங்கி போன்ற இரும்பைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமான இடங்களில்தான் முக்குளிப்பவர்கள் இறங்குவார்கள். கலங்கிய ஆற்றில் கண்ணே தெரியாது, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

ஏதாவது கிடைத்தால் பாலமே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தூணைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள், முடியாவிட்டால் கிடைத்ததை முறையாகப் பதிவுசெய்து எடுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.