கேக் பச்சையானால் பழத்தைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். அங்கே ஆகஸ்டில் வேலியோரம் பறித்துச் செய்வது போல பிளாக்பெர்ரி கேக் கேட்டாள். ஃப்ரோசன் பாக்கெட் வாங்கிச் செய்தேன். பழமெல்லாம் அடியில் இறங்கிவிட்டது, சுற்றிலும் பச்சை நிறம். சாப்பிடலாமா? குற்றாலம் போகும் வழியில் பிளாக்பெர்ரி கன்று விற்கிறார்கள், வாங்கலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். பச்சைக்குக் காரணம் ஆப்ப சோடா. இந்தப் பழச்சாயம் புளிப்பு சேர்ந்தால் சிவக்கும், சோடா பட்டால் நீலமாகிப் பச்சைக்குப் போகும். அடுத்த முறை பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள்.

தயிர் ஊற்றிச் செய்தால் மட்டும் சோடா போடலாம். அதிலும் ஒரு கப் புளித்த தயிருக்கு அரை டீஸ்பூன்தான் அளவு. புளிக்காத தயிர் என்றால் அதையும் குறையுங்கள். கேக் உப்பட்டும் என்று கூடுதலாக ஒரு சிட்டிகை போட்டால் தயிர் அடக்கியது போக மிஞ்சுவது பழத்தில்தான் ஏறும். பாலில் செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பழம் இறங்கியது மாவு நீர்த்திருந்ததால். கரண்டியிலிருந்து மெதுவாக விழுகிற பதம் வேண்டும். ஃப்ரோசன் பழத்தை வெளியே வைத்து இளக விடாதீர்கள், சாறு முழுக்க இறங்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டி, பாதி மாவு ஊற்றிய பிறகு தூவி, மீதியை மேலே ஊற்றுங்கள். 180 டிகிரியில் வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஆகும்.

புதுப் பழம் கிடைத்தால் கழுவாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். பறித்தபின் அது பழுக்காது. சிவப்பாக வந்தது கடைசி வரை புளிப்புத்தான்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாட்டிலில் பிளாக்பெர்ரி படம் போட்ட சிரப்பை வாங்கி ஊற்றாதீர்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கித்தான் எழுத வேண்டும். சர்க்கரை, தண்ணீர், கலர், எசன்ஸ் என்று போய்ப் பழமே வராத பாட்டில்கள் உண்டு. அதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழ் அவர்கள் இஷ்டம். நெல்லையில் வாங்குகிறவர் எந்த மொழியில் படிப்பார் என்று யாரும் கேட்கவில்லை போலும்!

கன்று விஷயமும் அதே கதைதான். பிளாக்பெர்ரி என்று கொடுப்பது பெரும்பாலும் மல்பெரி, பட்டுப்புழுவுக்குப் போடுகிற செடி. அசல் செடியில் ஒரே காம்பில் மூன்று, ஐந்து என்று சிற்றிலைகள் சேர்ந்திருக்கும், மல்பெரிக்குத் தனித்தனி இலை. அசலே கிடைத்தாலும் அதற்கு வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். மார்கழியிலும் ஃபேன் போடுகிற ஊரில் அது எங்கே காய்க்கப் போகிறது? மல்பெரிக்கான விலை சொன்னால் வாங்கி வையுங்கள். அந்தப் பழத்துக்கும் இதே கேக் முறைதான், பச்சைக் காம்பை மட்டும் கிள்ளிவிடுங்கள்.