தேவைக்கு மேல் சொத்து இருந்தும் சிலருக்கு ஏன் போதவில்லை?

எங்கள் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு பெரியவர். மூன்று தோப்பு, பைபாஸ் ஓரம் மனை. ஆனாலும் கழித்துப்போட்ட பெங்களூரா ரக மாங்காயில் நல்லதாக நாலைப் பொறுக்கி மஞ்சப்பையில் போட்டுக்கொள்வார்.

முதல் காரணம், எதுவும் பழகிவிடும். 1978-இல் உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழு அமெரிக்காவில் லாட்டரி விழுந்த 22 பேரிடம் விசாரித்தது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சந்தோஷங்கள்கூடச் சப்பென்று ஆகியிருந்தன. சின்ன ஆய்வுதான், சரி. அப்புறம் ஒப்பீடு. பெரியவர் பார்ப்பது நம்மை அல்ல, மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் பங்காளியை. கூடவே, நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிடத் தொலைக்கும் வலி பெரிது; அதனால் கழித்துப்போட்டதைக்கூட விட மனம் வராது.

“எதுக்குங்க இன்னும்?” என்று கேட்டேன். “இன்னும் ஒரு ஏக்கர் வாங்கிட்டா நிம்மதி” என்றார். ஐந்து வருடம் முன்பும் இதையேதான் சொன்னார்.