சுற்றுச்சூழல் ஆராய்ச்சியில் எந்தப் பல்கலைக்கழகம் முதலிடம்? பட்டியலுக்குப் பட்டியல் ஏன் மாறுகிறது?

ஆராய்ச்சித் தரவரிசைகள் பெரும்பாலும் எண்ணுவது இரண்டைத்தான்: ஒரு பல்கலைக்கழகம் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டது, அவற்றை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள். இப்படிச் சுட்டுவதைத்தான் மேற்கோள் என்கிறார்கள்.

சரி, மொத்தத்தை எண்ணுவதா, விகிதத்தைப் பார்ப்பதா? பெரிய ஓட்டல் ஒன்றில் நாளைக்கு 1000 தோசை போகிறது. அதில் 100 பிரமாதம். தெருமுனைக் கடையில் போவதே 50தான், ஆனால் 20 பிரமாதம். எது நல்ல கடை? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் வெளியிடும் லைடன் தரவரிசை இரண்டையும் காட்டுகிறது: உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 10% கட்டுரைகளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டுரைகள் எத்தனை, அது அவர்கள் வெளியிட்டதில் எத்தனை சதவீதம் என்று. எதை வைத்து அடுக்குகிறோமோ, அதற்கேற்ப வரிசை புரண்டுவிடும்.

எல்லாத் துறைகளையும் சேர்த்துப் போடும் பொதுப் பட்டியல் வேறு கதை. அப்படிப்பட்ட ஒன்றான ஷாங்காய் தரவரிசையில் நோபல், ஃபீல்ட்ஸ் (கணிதத்துக்கான விருது) விருதுகளுக்கே 30% மதிப்பெண். சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனி நோபலே கிடையாது. ஓசோன் ஆய்வுக்கு 1995இல் கிடைத்ததுகூட வேதியியல் கணக்கில்தான்! நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் மண், நீர், பயிர் என்றே வளர்ந்தது. பொதுப் பட்டியலில் இருப்பதைவிட இந்தத் துறைப் பட்டியல்களில் அது வெகு மேலே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், முதலிடம் என்றால் அங்கே பாடமும் பிரமாதமாக நடத்துவார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கோள் கணக்கில் வகுப்பறை வருவதே இல்லை.