வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களில் மறக்க முடியாதவர் யார்?

எங்கள் பிரஸ்ஸில் ஈய எழுத்துகளை வரி வரியாகக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த அண்ணாச்சி.

1979-இல் பத்தாவது முடித்த கையோடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஒரே ஒரு டிரெடில் மிஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், இவ்வளவுதான் வேலை. முதல் மூன்று மாதம் அண்ணாச்சி என்னை ஒரு வரிகூடக் கோக்க விடவில்லை. அடித்து முடித்த மேட்டரை, அதாவது கோத்து வைத்த எழுத்துகளை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

“எது எங்க கெடக்குன்னு ஒங் கைக்குத் தெரியணும்ல தம்பி. கண்ணுக்குத் தெரிஞ்சா பத்தாது” என்பார்.

தமிழ் கேஸ் லேசுப்பட்டதில்லை. கி, கீ, கு, கூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அறை. அண்ணாச்சி கேஸைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பெருவிரல் அதைத் தடவியதும் எழுத்து சரியான பக்கம் திரும்பி, வரி கோக்கக் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கில் உட்கார்ந்துவிடும்.

எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில் வந்திருந்தது. பழைய ணா, றா, னா மூன்றும் ஒற்றை அச்சாக இருந்தவை. புது முறையில் ண, ற, ன பக்கத்தில் ஒரு கால் (‘ா’) வைக்க வேண்டும். முப்பது வருஷம் பழகிய அவர் கை, பழைய றா இருந்த அறைக்குத்தான் தானாகப் போகும். அதற்கு அவர் ஒரு வழி செய்தார். அந்தப் பழைய அறைகளைக் காலி செய்து கால்களை நிரப்பி வைத்தார். கை பழக்கத்தில் போனாலும் அங்கே கால்தான் அகப்படும். ஐம்பது வயதுக்கு மேல் தன் கையைத் தானே திருத்திக்கொண்ட மனிதர்.

கால் மட்டும் எப்போதும் தட்டுப்பாடு. ஒரு நாள் சாயங்காலம் கருமாதிப் பத்திரிகை ஒன்று அவசரமாக வந்தது. கோத்துக்கொண்டிருக்கும்போதே கால் தீர்ந்துவிட்டது. இறந்துபோன அம்மாவின் பெயரில் வந்த கால் ஒன்றுக்குப் பதிலாக ‘ர’ போட்டுவிட்டேன். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். புரூஃப் பார்த்த வீட்டுக்காரரும் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மேட்டரை அச்சடிக்கச் சட்டத்துக்குள் இறுக்கி முடுக்கும்போது அண்ணாச்சி ஈயத்தில், கண்ணாடிபோலத் திரும்பியிருந்த அந்த எழுத்துகளிலேயே பிடித்துவிட்டார். திட்டவில்லை.

“அந்தம்மா பேரு அச்சுல ஏறுதது இதாம்ல மொத தடவையா இருக்கும். கடைசியும் இதான்.”

மறுநாள் அடிக்க வேண்டிய ஒரு பில் புக் மேட்டர் முடுக்கித் தயாராக இருந்தது. அதை அவிழ்த்து ஒரு காலை எடுத்தார். அந்தம்மா பெயரில் வைத்தார். அன்றைக்கு அந்தப் பத்திரிகையை அடித்து முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. பில் புக்கை மறுபடி சரிசெய்ய விடிகாலையில் அவரே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. ஈயத்தைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தடித்துப் பக்கம் அமைக்கும் டி.டி.பி.யை நான் கற்றுக்கொண்டேன். அண்ணாச்சிக்குத் திரை ஒத்துவரவில்லை, கண்ணில் நீர் வடியும். ஆனால் நான் எடுத்த பிரிண்டை எல்லாம் அவர்தான் திருத்தினார், அதுவும் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. ஏன் என்று கேட்டேன்.

“நேரா வாசிச்சா அர்த்தம் வந்து கண்ண மறைச்சிரும். தலைகீழா வாசிச்சா எழுத்து மட்டுந்தான் தெரியும்.”

காலுக்குப் பதில் ‘ர’ விழுவது கம்ப்யூட்டரிலும் நிற்கவில்லை. இன்றைக்கும் என் கடையில் எந்தப் பத்திரிகை என்றாலும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, பெயர்களில் இருக்கும் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன்.