வகுப்பறையில் பயன்படுத்த நல்ல இலவச இணையக் கருவிகள் எவை?

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சில வகுப்புகளுக்குச் சமூக அறிவியலும் என்னிடம் வரும். எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஆசிரியர் கையில் ஒரே ஒரு போன் இருந்தாலும், கடைசி பெஞ்சுப் பிள்ளை வரை எல்லாரும் இதில் சேர முடியுமா? கஹூட் மாதிரியான வினாடி வினாத் தளங்கள் நல்லவைதான், ஆனால் பிள்ளைகள் கையிலும் போனோ கணினியோ வேண்டும். ஹைடெக் லேப் கிடைக்கும் நாளுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

அன்றாட வகுப்புக்கு என் முதல் பரிந்துரை பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி. ஆளுக்கு ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்ட உருவம். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தான் நினைக்கும் விடை மேலே வரும்படி பிள்ளை பிடித்தால் போதும். நாம் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது பெயரோடு வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்து எழுத வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு உருவமும் வேறு. வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்பது அன்றைக்கே தெரிவது பெரிய விஷயம். அட்டைகளை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடலாம். பளபளப்பான லேமினேஷன் மட்டும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது.

அடுத்தது கூகுள் எர்த். மேட்டூர் திறந்த செய்தி வரும் சமயம்தான் ஆற்றுப் பாடத்துக்கு ஏற்ற நேரம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்பதையும் முதலில் காட்டுவேன். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும். வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டே வந்தால் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு. அங்கிருந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். பாமணியாற்றோடு இறங்கும்போதே பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். "சார், நிறுத்துங்க, அதான் எங்க வயலு!" புத்தகப் படத்தில் ஆறு நீலக் கோடு, இங்கே அது அவர்கள் வீட்டு வாசல்.

அப்புறம் அளவுகோல் வசதியால் கல்லணையிலிருந்து ஊர் வரை ஆறு வரும் தூரத்தை அளக்கச் சொல்வேன். இரண்டு இடங்களின் கடல்மட்ட உயரமும் திரையிலேயே தெரியும். வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால், எவ்வளவு சின்னச் சரிவில் தண்ணீர் நகர்கிறது என்பது கணக்காகவே வரும். கடைமடைக்கு ஏன் தாமதம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், அதற்கு ஒரு காரணத்தைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். உயர எண்ணில் சில மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அறிவியலுக்கு ஃபெட் (PhET), திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் தளம். 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, அணு அமைப்பு, பின்னங்கள் எனப் பல திரைச் சோதனைகள் தமிழிலும் உண்டு. வீட்டில் நெட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் நெட் இல்லாமலே ஓடும். ஆனால் உடனே ஓட்டிக் காட்டாதீர்கள். தொடரிணைப்பில் இன்னொரு பல்பு சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? முதலில் எல்லாரும் பிளிக்கர்ஸ் அட்டையைத் தூக்கட்டும், பிறகு சுவிட்சைப் போடுங்கள். தப்பாகத் தூக்கிய பிள்ளைதான் திரையைக் கண் கொட்டாமல் பார்ப்பான்.

கணக்கு ஆசிரியர்களுக்கு, வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து நகர்த்திக் காட்டும் ஜியோஜீப்ரா இருந்தால் போதும். பாடப்புத்தகக் காணொளிகளுக்கு நம் பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்க கூகுள் டாக்ஸில் தமிழில் பேசியே தட்டச்சு செய்யலாம். ஒற்றுப்பிழைகளை மட்டும் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். பிளிக்கர்ஸ் அட்டையை ஒரு வகுப்புக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். எண்ணும் பெயரும் மாறாமல் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் வருஷம் முழுக்க அதே அட்டை ஓடும்.